தென்னாப்பிரிக்காவுக்கு மாதக்கணக்கில் வருகிறீர்களா? பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்து டர்பன், ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் மூன்று மாதமோ அதற்கு மேலோ தங்க வருகிறவர்களுக்கான பக்கம் இது. பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர், வேலை கிடைத்து வரும் இளைஞர்கள், குடும்பத்தோடு மாற்றலாகி வருவோர் என எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலானோர் இங்கே தெருமுனையில் கிடைப்பதை இருபது கிலோ சுமந்து வருகிறார்கள். இங்கே எங்கு தேடினாலும் கிடைக்காத ஐம்பது கிராம் பொருளை வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு தவறைச் சுற்றியவைதான்.

மளிகை சாமான் எவ்வளவு கொண்டு வரலாம்?

டர்பனுக்கு வருகிறீர்கள் என்றால் மிகக் குறைவாகப் போதும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து தமிழர் சமையல் இந்த ஊரில் இருக்கிறது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பக்கம் பல வீட்டுத் தோட்டங்களில் கறிவேப்பிலை மரம் நிற்கும். முருங்கையும் கிடைக்கும். துவரம்பருப்பு, உளுந்து, புளி, கடுகு, வெந்தயம், மிளகாய்த்தூள் எல்லாமே கடையில் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் ஃபோர்ட்ஸ்பர்க் பகுதிக்குப் போனால் போதும்.

அரிசி மட்டும் கொஞ்சம் பழக வேண்டும். சூப்பர்மார்க்கெட்டில் அதிகம் விற்கும் ‘டேஸ்டிக்’ நீள அரிசி ஒரு புழுங்கல் வகைதான், ஆனால் பொன்னி மாதிரி குழையாது. தண்ணீர் கூட விட்டால் பழகிவிடும். அரிசியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வராதீர்கள்.

எடுத்து வரத் தக்கது உங்கள் வீட்டுக் கைப்பக்குவம்தான். அரைத்த சாம்பார்ப் பொடி அரைக் கிலோ, ரசப் பொடி கால் கிலோ, இட்லி மிளகாய்ப்பொடி, சிக்கரி அளவு உங்களுக்குப் பிடித்தபடி கலந்த காபிப் பொடி ஒரு கிலோ, கூடவே ஒரு ஃபில்டர். காபி விஷயத்தில் இங்கே ஏமாற்றம் நிச்சயம். டர்பன் மசாலாவில் காரமும் நிறமும் அதிகம், அதை வைத்து நம் ஊர் சாம்பார் வராது.

விமான நிலையத்தில் எதையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்வார்கள்?

பச்சையாக இருப்பது, முளைக்கக்கூடியது, பால், இறைச்சி, தேன். இந்த ஐந்திலும் அனுமதிச் சீட்டு கேட்பார்கள். கறிவேப்பிலைக் கொத்து, வெற்றிலை, மாம்பழம், கீரை விதை, துளசிக் கன்று, வீட்டு நெய், கருவாடு, மலைத்தேன் எல்லாம் இதில் அடங்கும். பாட்டி கொடுத்தனுப்பும் அவரை விதைப் பொட்டலமும் அப்படியே. கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொன்னால் பொருள் மட்டும் போகும், மறைத்தால் அபராதமும் சேரும்.

கடையில் முத்திரையிட்டு, உள்ளே என்ன என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட பாக்கெட்டில் வரும் பொடி, ஊறுகாய், முறுக்கு, அதிரசம் போன்றவை பெரும்பாலும் சிக்கலில்லாமல் வந்துவிடும். வீட்டில் அரைத்த பொடி என்றால் தெளிவான பையில் போட்டு, மேலே ஆங்கிலத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். செய்தித்தாளில் மடித்த வெள்ளைப் பொடி, பழுப்புப் பொடிப் பொட்டலங்கள்தான் கேள்வியைக் கிளப்பும். விபூதிக்கும் இதே விதி.

இங்கே தடுப்பதற்கு முன் ஏறும் இடத்திலேயே நிறுத்தப்படுபவை இரண்டு: கற்பூரம், கொப்பரைத் தேங்காய். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். கொப்பரையில் எண்ணெய் அதிகம், குவிந்து கிடந்தால் தானாகச் சூடேறும். இரண்டையும் கைப்பையிலோ பெட்டியிலோ வைக்காதீர்கள்.

குக்கர், மிக்ஸி, கிரைண்டர் கொண்டு வரலாமா?

இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆகவே நம் மிக்ஸி மாற்றமில்லாமல் ஓடும். மூன்று ஜாரோடு நான்கைந்து கிலோ வரும், ஆனாலும் கொண்டு வருவது நல்லது. தேங்காயும் இஞ்சியும் நன்றாக அரையும்படியான ஜார் இங்கத்திய பிளெண்டரில் இல்லை. கூடவே மோட்டார் மேல் இருக்கும் கப்ளர் ஒன்று, ஜார் மூடி ரப்பர் இரண்டு வாங்கி வையுங்கள். கப்ளர் பல் தேய்ந்துவிட்டால் மிக்ஸி முழுக்கப் பயனற்றுப் போகும், இங்கே அந்தப் பாகம் கிடைக்காது. கிரைண்டர் வேண்டாம், அதன் கல் எடையிலேயே பாதிப் பெட்டி போய்விடும்.

குக்கர் அவசியம், குறிப்பாக ஜோகன்னஸ்பர்க் வருபவர்களுக்கு. அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் அருகிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எளிதில் மசியாது, கொண்டைக்கடலை உள்ளே கட்டியாகவே நிற்கும். குக்கரிலும் சென்னையில் வைக்கும் விசிலைவிட ஒன்றிரண்டு கூட வையுங்கள்.

ஆனால் வாங்குமுன் அடிப்பாகத்தைப் பாருங்கள். வாடகை வீடுகளில் பெரும்பாலும் மின்சார அடுப்பு: பழையதில் இரும்புத் தட்டு, புதியதில் கண்ணாடி மேடை, சிலவற்றில் இண்டக்‌ஷன். சாதாரண அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் சூடாகவே ஆகாது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை அடியில் வைத்துப் பாருங்கள். நன்றாகப் பிடித்தால் எல்லா அடுப்புக்கும் ஆகும். அடி வளைந்திருந்தால் தட்டு அடுப்பில் நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு, பருப்பு ஓரத்தில் வேகாமல் நடுவில் பிடிக்கும். மூன்று லிட்டர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தட்டையான அடி என்பதே சரியான தேர்வு. கேஸ்கெட் இரண்டும் சேஃப்டி வால்வு ஒன்றும் அதே கம்பெனி, அதே அளவில் உபரியாக எடுத்து வாருங்கள். நாம் முன்னே சொன்ன ஐம்பது கிராம் பொருள் இதுதான்.

தோசைக்கல்லில் இரும்பு வார்ப்பு வேண்டாம். கனமும் அதிகம், கண்ணாடி மேடையையும் கீறும். தட்டையான அடி உள்ள தவா போதும். இட்லித் தட்டை மட்டும் எடுத்து வாருங்கள், பானை இங்கே வாங்கிக்கொள்ளலாம். வாங்கப் போகும்போது தட்டைக் கையோடு எடுத்துப் போய் உள்ளே இறங்குகிறதா என்று பாருங்கள்.

(ஜூன், ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் வீட்டுக்குள் மாவு இரண்டு நாளானாலும் பொங்காது. ஓவனை மூட்டாமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடினால் மறுநாள் காலை பொங்கியிருக்கும்.)

யுனிவர்சல் அடாப்டர் வாங்கினேன், போதுமா?

பெரும்பாலும் போதாது. கடையில் விற்கும் யுனிவர்சல் அடாப்டர் பலவற்றில் இங்குள்ள பெரிய மூன்று முள் வடிவம் கிடையாது.

நல்ல செய்தி என்னவென்றால், இங்கே பழைய வீடுகளில் இருக்கும் பெரிய உருண்டை முள் சாக்கெட்டும் நம் ஊரில் ஏசி, கீஸருக்குப் போடும் 16 ஆம்பியர் சாக்கெட்டும் ஒரே அளவு. ஆகவே எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும் 16 ஆம்பியர் பிளக் டாப் இங்கே நேராகப் பொருந்தும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நான்கு சாக்கெட் உள்ள ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி, அதன் சிறிய பிளக்கைக் கழற்றிவிட்டு 16 ஆம்பியர் பிளக் டாப் மாட்டச் சொல்லுங்கள். எர்த் ஒயர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஒன்று இருந்தால் மிக்ஸி, லேப்டாப், சார்ஜர் எல்லாம் நம் ஊர் பிளக்கோடு அப்படியே ஓடும். ஹீட்டரையும் கெட்டிலையும் மட்டும் அதில் செருகாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒயர் அந்த மின்னோட்டத்துக்குத் தாங்காது, முதலில் பிளக் முனை உருகும்.

புதிய கட்டடங்களில் இன்னொரு வகை உண்டு: அறுகோண வடிவில் சிறிய மூன்று ஓட்டை. மெல்லிய இரண்டு முள் போன் சார்ஜர் அதில் அப்படியே போகும். மூன்று முள் பிளக் போகாது. அதற்கான அடாப்டரை வந்திறங்கிய பின் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், விலை குறைவு.

மின்வெட்டு இன்னும் இருக்கிறதா? என்ன வைத்துக்கொள்வது?

நேரம் குறித்து மின்சாரத்தை நிறுத்தும் முறை 2023இல் உச்சத்தில் இருந்தது. 2024 மார்ச் கடைசியிலிருந்து வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு, கேபிள் திருட்டு என்று பகுதிவாரியாக மணிக்கணக்கில் போவது உண்டு. போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறுவதில்தான் லேப்டாப் சார்ஜர் போகிறது. சர்ஜ் பாதுகாப்புள்ள பிளக் ஒன்றை இங்கே வாங்கிவிடுங்கள்.

பவர் பேங்க் 20,000 மில்லி ஆம்பியர் மணி போதும். கணக்கு இப்படி: 20 ஆம்பியர் மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் மணி. விமானத்தில் கேட்காமல் அனுமதிக்கும் எல்லை 100 வாட் மணி. கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும். மேலே அச்சிட்ட எழுத்து அழிந்துபோன பவர் பேங்கை எடுத்து வராதீர்கள், அளவு படிக்க முடியாவிட்டால் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

தண்ணீரும் சில பகுதிகளில் நிற்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி அந்த ஊர் மாதக்கணக்கில் தவித்தது. மடித்து வைக்கும் பத்து லிட்டர் கேன் ஒன்று பெட்டியில் இருந்தால் இடமே அடைக்காது.

ஆப்பிரிக்காதானே, ஸ்வெட்டர் எதற்கு?

இந்தக் கேள்வியோடு வந்துதான் பலர் முதல் வாரமே இருமிக்கொண்டு படுக்கிறார்கள். இங்கே குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் பகலில் நல்ல வெயில், இரவில் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். காலையில் புல்மேல் உறைபனி கிடக்கும். வெளிக்குளிரைவிட வீட்டுக்குள் இருக்கும் குளிர்தான் வாட்டும். ஐரோப்பா மாதிரி வீடு முழுக்கச் சூடேற்றும் ஏற்பாடு இங்கே கிடையாது, தரையோ டைல்ஸ்.

ஆகவே தடித்த கோட் ஒன்றைவிட மெல்லிய அடுக்குகளே உதவும். ஆளுக்கு உள்ளே போடும் தெர்மல் இரண்டு ஜோடி, முழுக்கை பருத்தி, அதன்மேல் ஃபிளீஸ் ஒன்று, காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் ஒன்று, கம்பளிக் காலுறை நான்கு, வீட்டுக்குள் போட மூடிய செருப்பு. வயதானவர்களுக்குக் குரங்குக் குல்லா. ஊரில் போட்டால் சிரிப்பார்கள், இங்கே காலை ஆறு மணிக்கு யாரும் சிரிக்கமாட்டார்கள். தெர்மலும் குல்லாவும் ஊரிலிருந்து வரட்டும். கம்பளிப் போர்வை, வெந்நீர்ப் பை இரண்டையும் பெப், மிஸ்டர் பிரைஸ் போன்ற கடைகளில் வாங்கிக்கொள்ளலாம், பெட்டியில் இடம் மிஞ்சும்.

காற்று மிக வறண்டிருக்கும். உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தம் கசியும். பெட்ரோலியம் ஜெல்லி சின்ன டப்பா ஒன்று கைப்பையிலேயே இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் இரவில் கல்லாய் உறைந்துவிடும். வாயகன்ற டப்பாவில் ஊற்றி எடுத்து வாருங்கள், குறுகிய பாட்டிலில் இருந்தால் வெளியே வராது.

டர்பனில் இந்தக் கஷ்டம் இல்லை. குளிர்காலத்திலும் ஒரு ஸ்வெட்டர் போதும். அங்கே எதிரி கோடைக்கால ஈரப்பதம். அலமாரியில் தொங்கும் பட்டுப்புடவையின் மடிப்பிலும் தோல் பெல்ட்டிலும் ஒரு மாதத்தில் பூஞ்சணம் வரும். பட்டைப் பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். கேப் டவுன் போகிறீர்கள் என்றால் அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும். காற்று பலமாக அடிப்பதால் குடை மடங்கிப்போகும், தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சரி.

அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு ரத்த அழுத்தம். மூன்று மாத மருந்தை எப்படி எடுத்து வருவது?

மாத்திரை அட்டையை வெட்டாமல், முழுப் பெட்டியோடு. மருத்துவர் எழுதிய சீட்டும், நோயும் மருந்தின் மூலப்பெயரும் அளவும் ஆங்கிலத்தில் உள்ள கடிதமும் கூடவே இருக்க வேண்டும். மூலப்பெயர் ஏன் முக்கியம் என்றால், நம் பிராண்டுப் பெயர் இங்கத்திய மருந்துக்கடையில் யாருக்கும் தெரியாது. பாராசிட்டமால் இங்கே ‘பனாடோ’. தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை போன்ற கட்டுப்பாடுள்ள மருந்துகளை ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டு வர வேண்டாம், தொடர்ச்சிக்கு இங்கே மருத்துவரைப் பாருங்கள்.

இன்சுலின் கைப்பையில்தான். கீழே சரக்கறையில் உறைந்துவிட்டால் மருந்து கெட்டது, உருகிய பின் பார்த்தால் தெரியாது. சர்க்கரை பார்க்கும் மெஷினுக்கு உரிய ஸ்டிரிப்பை முழுக் காலத்துக்கும் எடுத்து வாருங்கள். நம் ஊர் மெஷினுக்கான ஸ்டிரிப் இங்கே கிடைக்கும் என்று நம்பவேண்டாம். இரண்டாவது மூக்குக்கண்ணாடி ஒன்று கட்டாயம். லேகியம், சூரணம் எடுத்து வருவதானால் முத்திரை உடைக்காத டப்பாவில் மட்டும்.

மலேரியா மாத்திரை வேண்டுமா? மஞ்சள் காய்ச்சல் ஊசி?

டர்பன், ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் நகரங்களில் மலேரியா இல்லை. க்ரூகர் தேசியப் பூங்கா, லிம்போபோ, எம்புமலங்காவின் தாழ்நிலம், குவாசுலு-நட்டாலின் வட மூலை ஆகிய இடங்களுக்குச் செப்டம்பர் முதல் மே வரை போவதானால் மருத்துவரைக் கேளுங்கள். டாக்சிசைக்கிளின் என்றால் திரும்பிய பின்னும் நான்கு வாரம், அட்டோவக்குவோன்-ப்ரோகுவானில் என்றால் ஏழு நாள் தொடர வேண்டும். பாதியில் நிறுத்துவதால்தான் மாத்திரை போட்டும் காய்ச்சல் வருகிறது. கொசுவிரட்டி ஊரிலிருந்து வேண்டாம், ‘டபார்ட்’ எங்கும் கிடைக்கும். புல்வெளியில் நடந்தால் உண்ணி ஏறும். கூர்முனைச் சாமணம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆனால் அடிஸ் அபாபா, நைரோபி வழியாக வந்து அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். துபாய், தோஹா வழி என்றால் இந்தத் தொல்லை இல்லை.

கோவிலுக்கு என்ன எடுத்து வரலாம்?

வேட்டி, அங்கவஸ்திரம், புடவை. கற்பூரம், ஊதுபத்தி, குங்குமம், தேங்காய் எல்லாம் டர்பனில் கிடைக்கும். தைப்பூசக் காவடி, புரட்டாசி விரதம் இரண்டும் இங்கே பெரிதாக நடக்கும். புரட்டாசியில் வந்தால் தமிழ் வீடுகளில் அசைவம் எதிர்பார்க்க வேண்டாம். காவடிக்கு நேர்ந்துகொண்டவர்கள் வேல், ஊசி ஆகியவற்றைப் பெட்டியில்தான் வைக்க வேண்டும், கைப்பையில் கூடாது.

பெட்டி கட்டுவதில் ஏதாவது விதி உண்டா?

உண்டு. ஜோகன்னஸ்பர்க் ஓ. ஆர். டாம்போ விமான நிலையத்தில் ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத மூட்டையை ஏற்க மாட்டார்கள். உருண்டைப் பை, கயிறு கட்டிய துணிமூட்டை, போர்வைச் சுருள் எல்லாம் பெல்ட்டில் உருண்டு சிக்கிக்கொள்ளும் என்பதுதான் காரணம். வரும்போது தப்பினாலும் திரும்பும்போது மாட்டுவீர்கள்.

பூட்டிய பெட்டியைத் திறந்து எடுப்பதும் நடக்கிறது. ஜிப்பைப் பேனாவால் பிளந்துவிட்டு மறுபடி ஓட்டினால் தடயமே தெரியாது. ஜிப் இல்லாத, கொக்கி போட்டு மூடும் கெட்டிப் பெட்டி நல்லது. இல்லாவிட்டால் பிளாஸ்டிக் சுற்றிவிடுங்கள். போன், பணம், நகை, கேமரா எதுவும் பெட்டியில் வேண்டாம்.

ஊறுகாய் கசிவதற்குக் காரணம் மூடி தளர்வு மட்டுமல்ல. மேலே காற்றழுத்தம் குறையும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து எண்ணெயைத் தள்ளும். பாட்டிலில் மேலே இரண்டு சென்டிமீட்டர் விட்டு நிரப்புங்கள். வாயில் பிளாஸ்டிக் தாள் வைத்து மூடியைத் திருகி, மூடி விளிம்பில் டேப் ஒட்டி, இரண்டு ஜிப் பைக்குள் போட்டு, நிமிர்த்தி வையுங்கள்.

சிம், ஓடிபி?

கிளம்பும் முன் இந்திய எண்ணுக்கு ரோமிங் போட்டுவிடுங்கள். வங்கி ஓடிபி வராமல் தவிப்பதுதான் முதல் மாதத் தலைவலி. தொண்ணூறு நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுத்திவிடலாம், ஆகவே ரீசார்ஜ் ஓடிக்கொண்டே இருக்கட்டும். இங்கே சிம் வாங்கப் பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் வேண்டும். யார் வீட்டில் தங்குகிறீர்களோ அவர்களிடம் ஒரு கடிதமும் வீட்டு மின் பில் நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய போன் ஒன்றும் கூட வரட்டும், கையிலிருப்பதைத் தெருவில் பறித்துக்கொண்டு ஓடுவது இங்கே சாதாரணம்.

என்னென்ன தாள்கள்?

பாஸ்போர்ட்டில் எதிரெதிரே இரண்டு வெற்றுப் பக்கங்கள், திரும்பும் நாளுக்குப் பின் குறைந்தது முப்பது நாள் செல்லுபடி. குழந்தைகளுக்குப் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ். ஒருவர் மட்டும் அழைத்து வந்தால் மற்றவரின் சம்மதக் கடிதம். கார் ஓட்டுவதானால் உரிமமும் சர்வதேச அனுமதியும். தென்னாப்பிரிக்க ராண்ட் நோட்டு ஆளுக்கு 25,000 வரைதான். வேலைக்கு வருபவர்கள் பட்டச் சான்றிதழ்களின் அசலையும் கொண்டு வாருங்கள்.

பட்டியலில் யாரும் எழுதாத சின்னப் பொருள் ஏதாவது?

குளியலறைக் குவளை. இங்கே கழிவறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது, தாள்தான். வாயகன்ற சின்னப் பிளாஸ்டிக் குவளை, அல்லது அழுத்தினால் பீய்ச்சும் பயண பாட்டில் ஒன்று. முதல் நாளே தேவைப்படும் என்பதால் பெட்டியின் மேலடுக்கில் வையுங்கள்.

ஈரிழைத் துண்டு நான்கு. டர்கி டவல் டர்பன் ஈரத்தில் மூன்று நாளானாலும் காயாமல் நாறும். ஈரிழை சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், எடையும் அதில் கால்பங்குதான். இங்கே கடைகளில் பைக்குத் தனிக் காசு, ஆகவே மஞ்சள் பை இரண்டு. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று. தாலிக்கொடிக்குப் பதில் மஞ்சள் கயிறு. பவுன் சங்கிலியை ஜோகன்னஸ்பர்க் தெருவில் போட்டுக்கொண்டு நடக்கவே வேண்டாம்.